யானை குளித்த தண்ணீர்

சுழியன் என்ற நீர்நாய்க்கு அன்று விடிந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. குட்டையின் கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தான். நீரில் குதித்தான். மூக்கு தரையில் இடித்தது. ஏறி வந்து மறுபடியும் நடந்தான்.

"ஏங்க, கரையைத் தேய்க்காதீங்க! இருக்கிற தண்ணியும் வழிஞ்சிடப் போகுது!" என்றாள் அவன் மனைவி வாளை. அவள் வளைக்குள் படுத்திருந்தாள். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள் தூங்கின. அவற்றுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

மருதங்காட்டின் கிழக்குச் சரிவில் இருந்தது அந்தக் குட்டை. அந்தப் பக்கத்து விலங்குகள் எல்லாம் அதில்தான் தண்ணீர் குடித்தன. மழை இரண்டாவது வருடமாக ஏமாற்றிவிட்டது. குட்டை வற்றினால் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆறு வெகு தூரம். வழியெல்லாம் வெட்டவெளி. துறையில் சிறுத்தை காத்திருக்கும். காட்டெருமையும் கரடியும் போய்த் திரும்பிவிடலாம். கண் திறக்காத குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு ஒரு நீர்நாய் போய்ச் சேர முடியுமா?

சுழியனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அதுதான் அவனை உட்காரவிடவில்லை.

மேட்டுப் பாறையில் ஆழமான சுனை ஒன்று உண்டு. வெடிப்புப் போலக் குறுகலாக இருக்கும். யானையின் துதிக்கையைத் தவிர வேறெதுவும் அதற்குள் எட்டாது. யானைகள் அதில் உறிஞ்சிக் குடிக்கும். வெயில் ஏறியதும் உறிஞ்சி உறிஞ்சி மேலே பீய்ச்சிக் குளிக்கும். குளித்த நீர் பாறையில் வழிந்து, கீழே இருந்த கோரைத் தாழ்வில் இறங்கும். சேறும் சாணமும் கோரை வேர்களில் தங்கிவிடும். மணலுக்குள் ஊறி மறுபக்கம் கசியும்போது நீர் பளிங்காக இருக்கும். ஆனால் கசிந்ததெல்லாம் அதற்கப்பால் இருந்த பாறைப் பிளவில் விழுந்து, யாருக்கும் உதவாமல் போனது.

அதை மூங்கில் குழாய் வைத்துக் குட்டைக்குத் திருப்பினால்? வழி முழுவதும் இறக்கம்தான். நீர் தானாக ஓடி வரும்.

சுழியன் அந்த நீரைப் பல நாள் குடித்துப் பார்த்திருந்தான். வயிறு ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு நீர்நாயால் குழாய் போட முடியுமா? மூங்கில் காட்டெருமைகளின் மேட்டில் இருந்தது. குழாயை மண்ணில் புதைக்காவிட்டால் குளம்புகளே அதை நொறுக்கிவிடும். பள்ளம் தோண்டக் காட்டுப்பன்றிகள் வேண்டும். மூங்கிலும் மூங்கிலும் சேரும் இடத்தில் ஒழுகாமல் அடைக்கத் தேன்மெழுகு வேண்டும். மெழுகெல்லாம் சடையன் என்ற கரடியிடம் இருந்தது. ஒருவர் கொடுத்து மற்றவர் கொடுக்காவிட்டால் குழாய் பாதியில் நிற்கும்.

சுழியன் முதலில் சடையனிடம் போனான். சடையன் தேனடை ஒன்றை நக்கிக்கொண்டிருந்தான்.

"சடையண்ணே, ஒருத்தர் குளிச்ச தண்ணி மண்ணுக்குள்ள வடிஞ்சு சுத்தமா வந்தா, அதைக் குடிப்பீங்களா?"

"த்தூ!" சடையன் தேனடையைக் கீழே போட்டுவிட்டான். "எவன் குளிச்ச தண்ணிடா?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்ணே."

"சாப்பிடுறவன் முன்னால பேசுற பேச்சா இது! போடா அந்தப் பக்கம்!"

சுழியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். பாதி வழியில் "த்தூ!" என்று மறுபடியும் சடையனின் குரல் கேட்டது. சுழியன் துள்ளி விழுந்தான். மேலே பார்த்தால் கிளையில் கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. எந்தக் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் குருவி அது.

"எல்லாத்தையும் கேட்டேன். நீ கோரைத் தண்ணியைக் குடிக்கிறதையும் பார்த்திருக்கேன்" என்றது கரிச்சான். "உனக்குத் தோண்டத் தெரியுது, பேசத் தெரியலை. எங்கேயிருந்து வருதுன்னு சொன்னா முகத்தைச் சுளிப்பாங்க. ருசியை மட்டும் காட்டு, நாக்கைச் சப்புவாங்க! மலைக்குப் பின்னால ஓர் ஊற்று இருக்குன்னு சொல்லிடு."

"அது பொய்யாச்சே!"

"தண்ணி பொய்யா?"

"இல்லை."

"சுத்தம் பொய்யா?"

"அதுவும் இல்லை."

"அப்புறம் என்ன? பேரை மட்டும்தானே மாத்துறோம். பேரையா குடிக்கப் போறாங்க!"

சுழியன் குட்டைப் பக்கம் பார்த்தான். மாட்டேன் என்பார்கள் என்று தெரிந்தும் உள்ளதைச் சொல்லிக் கேட்பது நேர்மையா, முட்டாள்தனமா? குட்டிகளின் தாகத்துக்கு நேர்மை தெரியுமா? அவனுக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாமலேயே தலையை ஆட்டிவிட்டான்.

குட்டைக் கரையில் கூட்டம் கூடியது. கரிச்சான் மரத்தில் உட்கார்ந்து குயிலின் குரலில் அறிவித்தது.

"கேளுங்க! கேளுங்க! மலைக்குப் பின்னால மூலிகை ஊற்று! நம்ம சுழியன் கண்டுபிடிச்ச ஊற்று!"

'மூலிகையா?' சுழியன் திடுக்கிட்டான். மூலிகை என்று யாரும் பேசிக்கொள்ளவே இல்லையே! ஆனால் அதற்குள் கூட்டம் குதிக்கத் தொடங்கிவிட்டது.

"எங்க வேலை என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டான் கட்டையன். அவன்தான் பன்றிகளுக்குத் தலைவன்.

"பள்ளம் தோண்டணும் மாமா."

"அவ்வளவுதானா? அதை நாங்க வேலைன்னே சொல்றதில்லையே!"

"மூலிகைத் தண்ணின்னா என் மெழுகு அம்புட்டும் எடுத்துக்கோடா!" என்று சடையன் மார்பில் அறைந்துகொண்டான்.

காட்டெருமைத் தலைவி மட்டும் கொஞ்ச நேரம் அசைபோட்டாள்.

"மூங்கில் எங்க கோடைத் தீனி" என்றாள். "கொடுத்தா எங்க கன்னுங்க வயிறு வாடும். சரி, தண்ணி இல்லாம தீனியை வெச்சு என்ன பண்றது? வெட்டிக்கோங்க."

சுழியனுக்கு நெஞ்சுக்குள் முள் தைத்தது போலிருந்தது. அவன் நீரில் குதித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

யானைகளை யாரும் அழைக்கவில்லை. அவை குட்டைக்கு வருவதில்லை. "அதுங்க கழிச்ச தண்ணிதானே, அதுங்ககிட்ட என்ன கேட்கிறது?" என்று கரிச்சான் சொன்னது. சுழியனும் சரி என்றுவிட்டான்.

வேலை மளமளவென்று நடந்தது. பன்றிகள் தோண்டின. காட்டெருமைகள் மூங்கிலை இழுத்து வந்தன. முள்ளம்பன்றிகள் கணுக்களைக் குடைந்து கொடுத்தன. சடையன் மெழுகை உருட்டி உருட்டி அடைத்தான். மேலே புதருக்குப் பின்னால் இருந்த கடைசித் துண்டைச் சுழியன் தனியாகப் போட்டான். கூட வருகிறேன் என்றவர்களை, "அது கூச்சமுள்ள ஊற்று! நிறைய காலடி பட்டா மூடிக்கும்!" என்று சொல்லிக் கரிச்சான் விரட்டிவிட்டது.

தண்ணீர் வந்தது! மூங்கில் வாயிலிருந்து கொட்டிய நீரில் எல்லோரும் நனைந்தார்கள், குடித்தார்கள், கத்தினார்கள்.

"ஆஹா! மூலிகை வாசம் தூக்குது!" என்றான் சடையன். "என் முழங்கால் வலி போயே போச்சு!"

"அண்ணே, உங்களுக்கு முழங்கால் வலியா? எப்போ வந்துச்சு?" என்றது ஒரு முள்ளம்பன்றி.

"போனப்புறம்தான்டா தெரியுது!"

குட்டை நிறைந்தது. குட்டிகள் கண் திறந்தன. முதல் முதலாக அவை பார்த்தது தண்ணீரைத்தான்.

சுழியன் நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை. யாராவது நீரைப் புகழ்ந்தால் உடனே முங்கிவிடுவான். யாராவது மலைப் பக்கம் கைகூப்பினால் எழுந்து போய்விடுவான். தானே கேட்டு வாங்கிய பாராட்டு, ஏன் திட்டு போலக் காதில் விழுகிறது?

"தண்ணிதான் வந்தாச்சே. இன்னும் ஏன் நடக்கிறீங்க?" என்று வாளை கேட்டாள்.

அவளிடம் சொல்லிவிட்டான்.

வாளை நீரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஆனை குளிச்சதா? நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பாலும் ஊறுது. சொல்லியிருந்தாலும் குடிச்சிருப்பேன். என்கிட்டகூடச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையே!"

அவன் எழுந்து மறுபடியும் கரையில் நடந்தான்.

வெயில் இன்னும் கடுமையானது. ஒரு காலை குழாயில் நீர் மெலிந்தது. மறுநாள் சொட்டியது. பிறகு அதுவும் நின்றது.

"ஊற்றுக்குக் கோபம் வந்துடுச்சா?" என்றான் கட்டையன். எல்லோரும் சுழியனைப் பார்த்தார்கள். சுழியன் ஓடினான். குழாய் வழியாகவே மேட்டுக்கு ஓடினான். எங்கும் உடைப்பு இல்லை. கோரைத் தாழ்வுக்குள் மூக்கை நுழைத்தான். மணல் உலர்ந்து கிடந்தது. கோரை நுனிகள் கருகியிருந்தன.

பாறைமேல் யானைகள் நின்றன. எல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தன. துதிக்கையால் புழுதியை அள்ளி அள்ளி முதுகில் போட்டுக்கொண்டன. கூட்டத்துக்குத் தலைவி மோழையம்மா என்ற பெரிய யானை.

"என்னம்மா, தண்ணியில குளிக்கலையா?" என்று சுழியன் மூச்சிரைக்கக் கேட்டான்.

"நிறுத்திட்டோம்ப்பா. கோடை நீளுது. உங்களுக்கு மலை ஊற்று கிடைச்சிருக்குன்னு அந்தப் பன்றிப் பய வந்து பீத்திக்கிட்டுப் போனான். நல்லதுதான். ஆனா ஊற்றை நம்ப முடியுமா? நாளைக்கு அது வத்தினா உங்க எல்லாருக்கும் இந்தச் சுனையிலேருந்துதானே பீய்ச்சித் தரணும்? அதான் மிச்சம் பிடிக்கிறோம். எங்களுக்கு மண்ணுக் குளியல் போதும்."

சுழியன் உலர்ந்து கிடந்த மணலைத் திரும்பிப் பார்த்தான். எங்களுக்காகவா? எங்களுக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கத்தான் எங்கள் தண்ணீரை நிறுத்தினார்களா?

கரிச்சான் பறந்து வந்து அவன் காதருகே உட்கார்ந்தது. "மண்ணுக் குளியல்ல தோல் நோய் வரும்னு சொல்லு! பக்கத்துக் காட்டுல நாலு ஆனைக்கு வந்துடுச்சுன்னு சொல்லு! இப்பவே தண்ணிக்கு ஓடும்!"

சுழியன் வாயைத் திறந்தான். சொல் நாக்கு நுனிவரை வந்தது. மோழையம்மா குனிந்து, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று காதை விரித்துக் காத்திருந்தாள். அவள் முதுகிலிருந்து புழுதி உதிர்ந்தது.

இன்றைக்கு ஒரு பொய். நாளைக்கு அதைக் காக்க இன்னொன்று. குட்டிகள் வளர்வதற்குள் இன்னும் எத்தனை?

"அம்மா, ஊற்றே கிடையாது!" என்றான் சுழியன். "நீங்க குளிச்ச தண்ணிதான் எங்க குட்டைக்கு வந்துச்சு."

அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மோழையம்மா காதைக்கூட அசைக்கவில்லை.

"எங்ககிட்டக் கேட்காம எடுத்தே. அது போகட்டும். அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரியாதவங்க வாயில எங்க குளியலை ஊத்துறதுக்கு நாங்க ஆள் இல்லை. போய்ச் சொல்லு. வேணும்னு அவங்க வந்து சொல்லட்டும். அந்த நிமிஷமே குளிக்கிறோம். ஒரே தண்ணி எங்களுக்கும் ஆகும், உங்களுக்கும் ஆகும்."

"சொன்னா எல்லாம் உடைஞ்சு போயிடும்மா!"

"சொல்லாததாலதானேப்பா இப்போ நின்னு போச்சு!"

சுழியன் இறங்கி வந்தான். இவ்வளவு குறுகிய வழியா இது? குட்டைக் கரை அதற்குள் வந்துவிட்டது. கூட்டம் காத்திருந்தது. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே வீச்சில் சொல்லிவிட்டான்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"உவ்வே!" என்று சடையன் புல்லில் உருண்டான். "ஆனை குளிச்சதா! ஐயோ, முழங்கால் வலி மறுபடியும் வந்துடுச்சே!"

"எங்களைக் கழிவுத் தண்ணி குடிக்க வெச்சிட்டியே மாப்பிள்ளை!" என்று கத்தினான் கட்டையன்.

"சேத்துல புரளுற நீங்களா மாமா இப்படிப் பேசுறது?" என்றான் சுழியன்.

"புரளுறது வேற, குடிக்கிறது வேற!"

"தண்ணி சுத்தம்தாங்க! என் குட்டிங்களும் அதைத்தானே குடிக்குதுங்க! கோரையிலயும் மணல்லயும் வடிஞ்சுதான் வருது. சத்தியமாச் சொல்றேன்!"

காட்டெருமைத் தலைவி மெதுவாக அவன் முன்னால் வந்து நின்றாள். அவள் கன்றின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"நீ இப்போ சொல்றது நிஜமாவே இருக்கலாம், தம்பி. ஆனா மலை ஊற்றுன்னு சொன்னப்பவும் இதே முகத்தைத்தான் வெச்சிருந்தே. நாங்க எந்த முகத்தை நம்புறது?"

சுழியன் தலை குனிந்தான். உண்மை அவனிடம் இருந்தது. அதைக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

சடையன் குழாயைத் தோண்டி எடுத்தான். ஒவ்வொரு சேர்ப்பிலும் நகத்தை விட்டுத் தன் மெழுகைப் பிடுங்கினான். மூங்கில்கள் படார் படாரென்று பிளந்தன. "நான் ஆத்துக்கே போறேன். சிறுத்தையாவது நேரா வந்து கடிக்கும்!" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

"எல்லாம் உன்னாலதான்!" என்று சுழியன் கரிச்சானைப் பார்த்துக் கத்தினான்.

"நான் சொன்னேன், நீ தலையை ஆட்டினே" என்றது கரிச்சான். "தலை யாருது?" அது பறந்து போய்விட்டது.

குட்டை சுருங்கியது. மீன்கள் சேற்றில் வாயைத் திறந்தன. குட்டிகள் காய்ந்த கரையில் உட்கார்ந்து, தண்ணீர் எங்கே போனது என்று கீச்சிட்டன. சுழியன் நடக்கவும் தெம்பில்லாமல் நடந்தான்.

வாளை எழுந்தாள்.

"உங்க வாயை இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. விடுங்க. அவங்க கண்ணையாவது நம்பட்டும்."

அவள் நேரே காட்டெருமைத் தலைவியிடம் போனாள். "அக்கா, குடிக்க வேண்டாம். வந்து பாருங்க, போதும். பார்த்துட்டு வேண்டாம்னா நாங்க இந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்."

தலைவி தன் கன்றைப் பார்த்தாள். "பார்க்கிறதுல என்ன நஷ்டம்? வா."

வேடிக்கை பார்க்கப் பன்றிகளும் பின்னால் வந்தன. அத்தனை பேரும் புதரைத் தாண்டிப் போனது அன்றுதான். கோரையைப் பார்த்தார்கள். மணலைக் கிளறினார்கள். பிறகு தலைவி பாறையை அண்ணாந்து பார்த்தாள்.

"மோழையம்மா! நீங்க குளிக்கணும். நாங்க பார்க்கணும்!"

"கேட்டுட்டீங்கல்ல? இதோ!"

யானைகள் சுனையில் துதிக்கையை விட்டன. பீய்ச்சின. பல நாள் புழுதி செஞ்சேறாக வழிந்தது. பாறையில் இறங்கி, கோரைக்குள் நுழைந்தது.

"ஐயய்யே! இதையா குடிச்சோம்!" என்று கட்டையன் கண்ணை மூடிக்கொண்டான்.

மணல் எல்லாவற்றையும் விழுங்கியது. நேரம் போயிற்று. ஒன்றும் வரவில்லை. சுழியன் அசையவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றதே இல்லை. மணல் ஏமாற்றிவிட்டால்? தான் பார்த்ததெல்லாம் தன் ஆசைதான் என்றால்?

மறுபக்கம் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு நூல் போல ஒரு கசிவு. அதன் அடியில் கிடந்த கூழாங்கல்லின் கோடுகள்கூடத் தெரிந்தன.

தலைவி முகர்ந்தாள். குடித்தாள்.

"மூலிகை வாசம் ஒண்ணும் இல்லை" என்றாள். "தண்ணி வாசம்தான் இருக்கு." அவள் நகர்ந்து கன்றுக்கு வழிவிட்டாள்.

கட்டையன் ஒரு கண்ணைத் திறந்தான். "கன்னுக்குட்டியே குடிக்குது. நான் என்ன அதைவிடப் பெரிய ராசாவா?" என்று வாயை வைத்தான்.

சிலர் குடிக்கவில்லை. முயல்களும் உடும்பும் அப்படியே திரும்பிப் போயின. சடையன் வரவே இல்லை.

மெழுகு இல்லாத சேர்ப்புகளில் பன்றிகள் களிமண் பூசின. பிளந்த மூங்கில்களைக் கொடியால் கட்டினார்கள். பாதி நீர் வழியிலேயே ஒழுகியது. குட்டை பாதிதான் நிறைந்தது. ஆனாலும் குட்டிகள் நீந்தப் போதுமானதாக இருந்தது. காய்ந்த களிமண்ணை மறுபடி பூச எல்லோரும் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பாதிப் பேச்சாகவே சுழியனோடு பேசினார்கள். அவனும் முழுப் பேச்சை எதிர்பார்க்கவில்லை.

அன்றே சொல்லியிருந்தால் சடையன் மெழுகு தந்திருப்பானா? தந்திருக்க மாட்டான் என்றே சுழியனுக்குத் தோன்றியது. ஆனால் மற்றவர்கள் அன்றே களிமண் பூசியிருப்பார்கள். பிடுங்க மெழுகும் இருந்திருக்காது, மூங்கிலும் பிளந்திருக்காது. இதை அவன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் கணக்கு அங்கேதான் வந்து நின்றது.

ஒரு நாள் வேறு காட்டிலிருந்து புள்ளிமான் கூட்டம் ஒன்று தாகத்தோடு வந்தது. மான்கள் குட்டையில் தலையைத் தாழ்த்தின. சுழியன் ஓடி வந்து குறுக்கே நின்றான்.

"கொஞ்சம் பொறுங்க! இது ஆனை குளிச்ச தண்ணி. கோரையிலயும் மணல்லயும் வடிஞ்சு வருது. நாங்க குடிக்கிறோம். நீங்க குடிக்கிறதும் குடிக்காததும் உங்க இஷ்டம்."

முன்னால் நின்ற பெண்மான் அவனை ஏற இறங்கப் பார்த்தது.

"வர்றவங்க எல்லார்கிட்டயும் இப்படியா சொல்வே?"

"ஆமாக்கா."

"சொன்னா பாதிப் பேர் போயிடுவாங்களே!"

"போறாங்கதான்."

மான் நீரைப் பார்த்தது. ஆழம் குறைந்த நீரில் நீர்நாய்க் குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று கடித்து உருண்டுகொண்டிருந்தன. மான் பின்னால் திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது:

"இதை வந்து சொல்றவன் வேற எதையும் மறைக்க மாட்டான். குடிங்க!"

உள்ளதை மறைத்து வாங்கிய சம்மதம் ஆபத்து வரும் நாளில் நம் பக்கம் நிற்காது. சொல்லிக் கேட்டு வாங்கிய பாதிச் சம்மதமே கடைசிவரை கூட வரும்.